கொழுப்பு என்று எழுதிய மூட்டை

எங்கள் அக்காவுக்குப் பட்டப்பெயர் கொழுப்புக்காரி. வைத்தது வெளியாள் இல்லை, பெற்ற தாய்தான். எதிர்த்துப் பேசினால் வாய்க்கொழுப்பு. பேசாமல் முறைத்தால் உடம்பெல்லாம் கொழுப்பு. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், "கொழுப்பெடுத்துப் போய் உக்காந்திருக்கா பாரு!" அம்மா அந்த ஒரு சொல்லை வைத்தே அவளை வளர்த்து ஆளாக்கினாள். எனக்கு அடி, அவளுக்குக் கொழுப்பு, எங்கள் வீட்டில் பங்கு அப்படித்தான் பிரிந்தது.

கல்லூரி முடித்ததும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றாள். "எதுலடி ஆராய்ச்சி?" என்று அப்பா கேட்டார். "கொழுப்புலப்பா" என்றாள். அப்பா செய்தித்தாளைக் கீழே இறக்கவே இல்லை. "அதுக்கெதுக்குக் காலேஜு? வீட்டுல உக்காந்தே பண்ணலாமே" என்றார். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரை ஏறியது. அதற்காக அவள் என்னோடு பேசாமல் இருந்தாள். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், அந்த நிம்மதியை நான் எண்ணி வைக்கவில்லை.

சொன்னபடி படித்தாள். பெயருக்கு முன்னால் டாக்டர் வந்தது. ஊசி போடாத டாக்டர். தானியப் பரிசோதனைக் கூடத்தில் வேலையும் கிடைத்தது. அங்கே நான் போயிருக்கிறேன். நீளமான நடை, இரண்டு பக்கமும் கண்ணாடிக் கதவு, கடைசியில் மூட்டைகள் போடும் அறை. ஈரப்பதம் பார்ப்பவர்கள், வண்டு பார்ப்பவர்கள், பூச்சிமருந்து பார்ப்பவர்கள் என்று ஆளுக்கொரு பிரிவு. "சாப்பாடு வைக்கக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும் குளிர்பெட்டிக்குள் எங்கள் அக்காவின் தயிர்ச் சாதமோ என்னமோ ஒரு டப்பா எப்போதும் இருக்கும். சட்டம் எல்லாம் ஊருக்குத்தான், அவளுக்கு இல்லை.

அவள் பார்ப்பது மக்காச்சோளத்தில் வளரும் ஒரு பூஞ்சை. அந்தப் பூஞ்சை ஒரு நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு உடம்பிலுள்ள செல்களின் கொழுப்புக் கணக்கைக் குழப்பிவிடும். இதை அவள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

இனி எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னால் இரண்டு அறை, பின்னால் தகரக் கூரை போட்ட லாயம். முன்னறைகளில் நானும் என் வீட்டுக்காரரும் மகளும். லாயத்தில் குதிரை. என் மாமனாருக்குக் கட்டில் முன்னறையில்தான், ஆனால் மனிதர் இருப்பது முழுக்க லாயத்தில். பூங்காவில் குழந்தைகளைக் குதிரைமேல் ஏற்றி ஒரு சுற்று சுற்றிக் காட்டுவதுதான் அவருடைய வேலை, பொழுதுபோக்கு, உயிர் எல்லாம். மாமியார் போன பிறகு அவர் மனம்விட்டுப் பேசுவது அந்தக் குதிரையிடம் மட்டும்தான். என்னிடம் பேசினால் நான் பதில் சொல்லிவிடுவேனாம்.

குதிரையின் பெயர் மாப்பிள்ளை. கூப்பிட்ட உடனே வராது, உபசாரம் செய்தால்தான் வரும், வந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். வேறு என்ன பெயர் வைப்பது? எங்கள் அப்பா என் வீட்டுக்காரரையும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். அதனால் எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை இரண்டு. எந்த மாப்பிள்ளைக்கு லாடம் என்பது மட்டும் எல்லோருக்கும் தெளிவு.

ஒரு குறை மட்டும் உண்டு. குதிரை ஒல்லி. எவ்வளவு புல் போட்டாலும் விலா எலும்பு தெரியும். பூங்காவுக்கு வருகிறவர்கள், "என்ன பெரியவரே, குதிரைக்குச் சோறு போடறீங்களா, இல்ல சோத்தைப் போஸ்டர்ல காட்டறீங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்து வைப்பார். வீட்டுக்கு வந்து அந்த விலாவைத் தடவிக்கொண்டு நிற்பார். எனக்கே பாவமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பிட வந்தாள். சாப்பிட வந்தவள் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் அல்லவா? ஆரம்பித்துவிட்டாள்.

"கொழுப்புன்னா என்னமோ கெட்டதுன்னு நெனைக்கிறீங்க மாமா. கொழுப்பு இல்லாம ஒரு செல்லு நிக்காது. ஒவ்வொரு செல்லுக்கும் கொழுப்பாலதான் சுவரு. நரம்புக்கு மேல உறையே கொழுப்புதான். மூளையில தண்ணியை வடிச்சிட்டுப் பாத்தீங்கன்னா பாதிக்கு மேல கொழுப்பு!"

மாமனார் கண்ணை அகலத் திறந்து கேட்டார். "அப்படியா? அப்ப ஒல்லியா இருக்கறவங்களுக்குக் கொழுப்புதான் கொடுக்கணும்?"

"உடம்புக்கு அது அவ்வளவு முக்கியம் மாமா" என்று இவள் அடுத்த பகுதிக்குப் போனாள். அவளுடைய பேச்சில் முதல் பாதி கொழுப்பின் பெருமை, இரண்டாம் பாதி பூஞ்சையின் அயோக்கியத்தனம். "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு கொத்தனார் இருக்காரு. கொழுப்புத் துண்டு ஒண்ணை எடுப்பாரு, அதோட இன்னொண்ணை ஒட்டுவாரு, சுவருக்கு வேண்டிய கல்லு ரெடி. இந்த நஞ்சு பாக்கறதுக்கு அந்தத் துண்டு மாதிரியே இருக்கும். கொத்தனார் ஏமாந்து இதைப் பிடிச்சிக்குவாரு. பிடிச்சா விடாது. வேலை நின்னு போச்சு. ஒட்டாத துண்டெல்லாம் அங்கயே குவியும், சுவருக்குக் கல்லு இருக்காது. குவிஞ்சது வேற தனியா விஷமா மாறும். அதுவும் குதிரைக்கு..."

மாமனார் முதல் பாதி முடிந்ததுமே குறட்டைக்குப் போய்விட்டார். நான் தட்டு கழுவப் போய்விட்டேன். அவள் என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசி முடித்தாள். அவர் நல்ல மனிதர், எல்லாவற்றுக்கும் "ஓ" என்பார்.

அன்றைக்கு அக்கா தன் கைப்பையை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் அதைக் கொடுக்க மாமனார் வண்டியில் குதிரையைப் பூட்டிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். இவள் ஏதோ கூட்டத்தில் இருந்தாள். வாசலில் இருந்த காவலாளி, "மேடம் வர நேரமாகும், உள்ள உக்காருங்க" என்றார். மனிதர் நடையில் உலாவிக்கொண்டே போய், கடைசி அறையை எட்டிப் பார்த்திருக்கிறார்.

மூட்டைகள் வரிசையாக இருந்தன. எந்தப் பிரிவுடையதோ அந்தப் பிரிவின் சொல்லை மூட்டைமேல் எழுதுவது அங்கே பழக்கம். ஒரு மூட்டையில் "ஈரம்" என்று இருந்தது. வேண்டாம். ஒன்றில் "வண்டு" என்று இருந்தது. ஐயையோ வேண்டாம். மூலையில் அரை மூட்டை, நொறுங்கிய மக்காச்சோளம், பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. அதன்மேல் எங்கள் அக்காவின் கையெழுத்தில், கோழி கிளறியது போல, "கொழுப்பு".

இவர் மனதில் மணி அடித்துவிட்டது. டாக்டர் பட்டம் வாங்கிய பெண், கொழுப்பு உடம்புக்கு முக்கியம் என்று நேற்றுத்தான் சொன்னாள். அவளே தன் கையால் கொழுப்பு என்று எழுதி வைத்திருக்கிறாள். வேறு எதற்கு இருக்கும்? கொழுக்க வைக்கிற தீனி! கேட்டால் கொடுத்திருப்பாளோ என்னவோ. கேட்கத்தான் கூச்சம். மருமகளின் அக்காவிடம் போய்க் குதிரைக்குத் தீனி கேட்பதா? அரை மூட்டைதானே என்று தோளில் போட்டு வண்டியில் ஏற்றிவிட்டார். காவலாளி மேடத்து மாமா என்று எழுந்து நின்று கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டு, கையும் கொடுத்திருக்கிறார், மூட்டையைத் தூக்க.

உண்மையில் அது என்ன? வந்த தானியத்தையெல்லாம் சலித்து, நஞ்சு அதிகமாக இருக்கிற நொறுங்கலை மட்டும் பொறுக்கி, ஆராய்ச்சிக்கென்று இவள் சேர்த்து வைத்தது. அப்படிப்பட்ட மூட்டைக்குச் சிவப்பு நாடா சுற்ற வேண்டும் என்பது விதி. நாடா தீர்ந்துபோயிருந்தது. வாங்கி வரச் சோம்பல். "எங்க ஆளுங்களுக்கெல்லாம் தெரியும்" என்று விட்டுவிட்டாள்.

மூட்டையைக் காணோம் என்றதும் அவள் காவலாளியைப் பிடித்து ஒரு காய்ச்சு காய்ச்சினாள். குப்பையோடு குப்பையாக வெளியே போட்டுவிட்டார் என்று முடிவு கட்டினாள். அந்த மனிதர், "மேடம், உங்க..." என்று ஆரம்பிப்பதற்குள், "எதுத்துப் பேசாதீங்க" என்றாள். யார் யாரிடம் சொல்வது பாருங்கள்!

எங்கள் லாயத்தில் தினமும் ஒரு டப்பா நொறுங்கல் ஊற ஆரம்பித்தது. அது எனக்குத் தெரியாது. லாயத்துக்குள் நான் போனால் குதிரைக்கு மூட் அவுட் ஆகிறது என்று மாமனார் உத்தரவு. ஆனால் அவர் மறைக்கவும் இல்லை. அதுதான் கூத்து. அடுத்த வாரம் அக்கா வந்தபோது அவள் முகத்துக்கு நேராகவே, "இப்பல்லாம் மாப்பிள்ளைக்குக் கொழுப்பு ஜாஸ்திம்மா. தினம் நானே வைக்கிறேன்" என்று சொல்லிக் கண்ணடித்தார். நன்றி சொல்கிறாராம்! அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "செல்லம் கொடுத்துக் கெடுக்கறீங்க மாமா" என்றாள். நானும் சிரித்தேன். 

சில வாரம் போயிற்று. குதிரை கூப்பிட்டால் திரும்பவில்லை. இடப்பக்கமாகவே வட்டம் போட்டது. பூங்காவில் குப்பைத்தொட்டி மேல் போய் இடித்தது. "ஏத்தம் வந்திருச்சு, கொழுப்பு வேலை செய்யுது" என்று மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. கீழுதடு தொங்கியது. சாப்பிட்டது வாயிலேயே நின்றது. அப்போதுதான் பெருமை போய் அவருக்குப் பயம் வந்தது. பயம் வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? பலம் வேண்டும் என்று ஒரு டப்பாவை இரண்டு டப்பா ஆக்கினார்.

ஒரு நாள் மத்தியானம் குதிரை லாயத்துச் சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. இழுத்தால் வரவில்லை. சுவரைத் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போகப் பார்ப்பது போல நின்றது. நான் பதறிப்போய் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, மாப்பிள்ளை தலையைச் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கறாரு!"

"உன்கூடக் குடும்பம் நடத்தினா யாருதான் முட்டிக்க மாட்டாங்க?"

"அடி பாவி, குதிரைடி!"

 "சுவத்துலயா? நெத்தியை வச்சா?" என்று கேட்ட குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "இதோ வரேன்" என்று வைத்துவிட்டாள்.

அவளும் நான் கூப்பிட்டிருந்த கால்நடை மருத்துவரும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். மருத்துவர் குதிரையின் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார், காதைத் தொட்டுப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில், "மக்காச்சோளம்" என்றார்கள். இது மூளையில் ஏறியிருக்கிறது, முறிக்கிற மருந்து கிடையாது, தின்பதை உடனே நிறுத்தினால் பிழைத்தாலும் பிழைக்கும், இன்னும் ஒரு வேளை உள்ளே போனாலும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். "பூஞ்சை பிடிச்ச சோளம் ஏதாவது போட்டீங்களா பெரியவரே?"

"பூஞ்சை பிடிச்சதா? சேச்சே! நான் அப்படிப் போடுவேனா? புல்லு, தவிடு, அவ்வளவுதான்" என்றார் மாமனார். கேட்காமல் எடுத்தது வெளியே வந்துவிடுமே என்று கண் மட்டும் தரையில் இருந்தது. அவர் கையில் ஒரு வாளி. மாலைத் தீனி, மேலே ஒரு துணி போட்டு மூடியிருந்தது.

மருத்துவர் ஊசி போட்டுவிட்டு, வேறு மருந்து எடுக்க வண்டிக்குப் போனார். அக்கா குதிரையின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு புலம்ப ஆரம்பித்தாள். "எவனோ கழிச்சுக் கட்டின நொறுங்கலை விக்கறான் மாமா. அதுலதான் நஞ்சு அதிகம். பாக்க நல்லாத்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அவன் கையில கெடைச்சா..."

மாமனார் வாளியைக் கீழே வைக்காமல் மெதுவாகக் கேட்டார். "பாக்க நல்லா இருக்குமா?"

"ஆமா மாமா."

"அப்ப ஜனங்களுக்கு எப்படிம்மா தெரியும்? மேல விஷம்னு எழுத மாட்டாங்களா?"

"எழுதணும். படிச்சவன் எவனா இருந்தாலும் எழுதியே ஆகணும்."

"உங்க இடத்துல எழுதுவீங்களா?"

"நாங்க எழுதாமயா?"

"என்னன்னு எழுதுவே நீ?"

"நானா? நான்..." என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த வாளியைப் பார்த்தாள். "கொழுப்புன்னு எழுதுவேன்" என்றாள்.

வாளி கீழே விழுந்தது. ஊறிய நொறுங்கல் தரையெல்லாம் சிதறியது. மாமனார் அதன்மேலேயே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். "கொழுக்க வைக்கற தீனின்னு நெனைச்சேனேம்மா... உன்கிட்டக் கேக்காம எடுத்துட்டு வந்துட்டேன்... ஒல்லியா இருக்கானேன்னு..." என்று தேம்பினார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததே இல்லை. மாமியார் போனபோதுகூட வாசலுக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்.

நான் கத்திவிட்டேன். யாரைப் பார்த்து என்கிறீர்கள்? எங்கள் அக்காவைப் பார்த்துத்தான். "உலகத்துல உனக்கு வேற வார்த்தையே கெடைக்கலையாடி? விஷம்னு மூணு எழுத்து எழுத உன் கை தேய்ஞ்சு போயிருமா? உன் ஆளுங்களுக்குத் தெரிஞ்சாப் போதுமா? ஊர்ல இருக்கறவன் எல்லாம் உன் ஆளா?" அவள் பதிலே பேசவில்லை. பிறந்ததிலிருந்து நான் திட்டி அவள் பதில் பேசாதது அதுதான் முதல் தடவை. அதிலேயே எனக்குப் பாதிக் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது.

அவளும் மண்டி போட்டாள். சிதறியதைக் கையால் கூட்டி அள்ளி வாளியில் போட்டாள். ஒரு பருக்கை விடாமல் பொறுக்கினாள். மிச்ச மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போய், மேலதிகாரி முன்னால் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். காவலாளியிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் வெலவெலத்துப்போய், "உங்களுக்கு உடம்பு சரியில்லையா மேடம்?" என்று கேட்டாராம். ஆபீஸில் அவளைக் கொஞ்ச காலம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சும்மா விடுவார்களா?

நிறுத்தி வைத்த நாளெல்லாம் எங்கள் லாயத்தில்தான் இருந்தாள். மருத்துவர் சொன்ன வேளைக்குத் தண்ணீர் காட்டினாள், புல்லை ஊறவைத்து வாயில் ஊட்டினாள், குதிரை நெற்றி இடிக்கிற இடத்தில் எங்கள் வீட்டு மெத்தையைக் கட்டி வைத்தாள். என்னைக் கேட்காமல், என்னுடைய மெத்தையை! மாமனார் அவளோடு பேசவில்லை, அவளும் அவரோடு பேசவில்லை. ஒருவர் தலைப்பக்கம், ஒருவர் வால்பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாட்டைக் கொண்டுபோய் நடுவில் வைத்துவிட்டு வருவேன். குதிரை உதைத்தாலும் பரவாயில்லை, இவர்களில் யாராவது ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றிருந்தது எனக்கு.

பிழைத்தது. மருத்துவரே நம்பவில்லை. சுவரை விட்டு நகர்ந்தது, பிறகு தானாகப் புல்லைக் கடித்தது, பிறகு ஒரு நாள் அக்காவின் துப்பட்டாவைக் கடித்தது. அன்றைக்கு மாமனார் சிரித்தார். "பொறுக்கித் தின்னற புத்தி போகல" என்றார். அக்காவும் சிரித்தாள். ஆனால் முழுசாகத் திரும்பவில்லை. நடை கொஞ்சம் தள்ளாடும். இடது கண் போய்விட்டது. அது திரும்பாது, உறை போன நரம்பு போனதுதான் என்றார் மருத்துவர். குழந்தைகளை இனி ஏற்றவே கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அதனால் இப்போது பூங்காவுக்குப் போவது சும்மா நடப்பதற்குத்தான். எப்போதும் போல மாமனார் குதிரைக்கு இடப்பக்கம், கயிற்றைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பக்கம்தான் கண் இல்லை. வலப்பக்கம் வாங்க என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், கேட்க மாட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும்கூட நடந்தோம். ஒரு சின்னப் பெண், எங்கிருந்தோ ஓடி வந்தவள், குதிரையையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தாள். வலப்பக்கம் நின்ற எங்களைக் குதிரை பார்த்தது, அவளைப் பார்த்தது. அவர் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

"ஏன் தாத்தா, இது உங்களைப் பாக்கவே மாட்டேங்குது?"

அக்கா வாயைத் திறந்தாள். போச்சு, இந்தப் பச்சைக் குழந்தைக்கு நரம்பும் உறையும் பாடம் நடக்கப் போகிறது என்று நினைத்தேன். அதற்குள் மாமனார் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே, "அதுக்கு என் மேல கோபம்மா" என்றார்.

அக்கா சுற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்தில், அந்தக் கண் இல்லாத பக்கத்தில், நின்றாள்.

"தாத்தா பொய் சொல்றாரு பாப்பா" என்றாள். "கோபம் என் மேல."